முள் நடுவில் நின்றது

அதன் அளவு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவில் பாதி இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு. முகத்தில் அரைவட்டக் கண்ணாடி, அதற்குள் மெலிந்த சிவப்பு முள். பியானோவின் ஒரு கட்டையை அழுத்தினால் முள் பதறி எழுந்து இடமோ வலமோ சாயும். கம்பி தளர்ந்திருந்தால் இடப்பக்கம், அதிகம் முறுகியிருந்தால் வலப்பக்கம், சுருதி சரியாக இருந்தால் நடு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் சித்தப்பா மகனிடம் சொல்லி அதை வரவழைத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து இசையறையில் அத்தான் அதைப் பியானோவின் மேல் வைத்து ஒரு கம்பியை மெல்ல மெல்ல முறுக்கினார். முள் நடுக்கோட்டுக்கு வந்து அசையாமல் நின்றது. கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது கேக்குதும்மா" என்றார். "எனக்குப் பதிலா இது கேக்குது."

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே பண்ணையில் கடைசிவரை கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். அத்தானை ஊர்ப் பாதிரியார் சென்னையில் ஒரு வாத்தியக் கடையில் சேர்த்துவிட்டார். பியானோக்களைத் துடைக்கப் போனவர், அவற்றுக்குச் சுருதி கூட்டுகிறவராகத் திரும்பி வந்தார். தஞ்சாவூர் முதல் கடற்கரை வரை தேவாலயங்களிலும் கன்னிமார் மடங்களிலும் இரண்டொரு பண்ணை வீடுகளிலும் இருந்த பியானோக்கள் எல்லாம் சேர்த்தும் இருபதைத் தாண்டாது. அத்தனைக்கும் அவர் ஒருவர்தான். முறுக்காணிகளைத் திருப்பும் சாவி, பக்கத்துக் கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் ரப்பர் ஆப்புகள், கொஞ்சம் கம்பளித் துண்டு. இவ்வளவையும் ஒரு காக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவார். "கடக்காத்து பாதி, எலி பாதி. இது ரெண்டும் இருக்கற வரைக்கும் எனக்கு வேல இருக்கும்" என்பார்.

அவருடைய அப்பா வேலை பார்த்த பண்ணை வீட்டிலும் ஒரு பியானோ இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அதைச் சரிசெய்ய ஆள் அனுப்பினார்கள். வந்து நின்றவர் யார் மகன் என்று தெரிந்ததும் வீட்டில் சங்கடம். "பின்வாசல் வழியா வரச் சொன்னாங்க" என்று அத்தான் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "பியானோ முன்கூடத்துல இருக்கு. நான் என்ன பறந்தா போவேன்னு கேட்டேன்." கடைசியில் முன்வாசல் வழியாகத்தான் போனார். அவர் போன பிறகு வாசலைக் கழுவிவிட்டார்கள் என்பதை அவருடைய அம்மா சொல்லித்தான் தெரியும். கழுவியது அவருடைய அம்மாவேதான்.

நான் விடுதியில் கன்னிமாரிடம் பியானோ கற்றவள். தஞ்சாவூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இசையாசிரியை வேலை கிடைத்ததற்கு அத்தான் தலைமையாசிரியையிடம் சொன்ன ஒரு வார்த்தையே காரணம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பியானோவுக்கும் அவர்தான் வருவார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்து, அவர் கேட்பதைப் பார்க்க நான் வகுப்பை முடித்துக்கொண்டு ஓடுவேன். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேராதபோது ஒலிக்குள் ஒரு அலை அடிக்கும். அது மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றுபோகும். அந்த இடத்தில் அவர் கை நிற்கும். அவர் கேட்டதில் பாதியைக்கூட நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் அறுவடைக்கு அறுவடை எங்கள் பக்கத்தில் கூலித் தகராறு இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. பண்ணையின் மிகைநிலத்தில் அத்தானின் அப்பாவுக்கு ஒரு ஏக்கர் பட்டா எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையில் காகிதம் இருந்தது, நிலம் பண்ணையிடமே இருந்தது. பண்ணைக்காரர் தடையாணை வாங்கிவிட்டார். ஆட்சி மாறும்போதெல்லாம் எங்கள் தெருச் சுவரில் சின்னத்தை அழித்துச் சின்னம் எழுதினார்கள். தடையாணை மட்டும் மாறவில்லை. ஒரு தை மாதம், உள்ளூர் ஆட்கள் கூலி போதாது என்று அரிவாளைக் கீழே வைத்தபோது, பண்ணைக்காரர் வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் இறக்கினார். அத்தான் அன்றைக்குத் தன் அப்பாவுக்கு மருந்து கொடுக்கத்தான் ஊருக்குப் போயிருந்தார். அப்பா வரப்பில் நிற்கிறார் என்று தெரிந்து, அவரை வீட்டுக்கு அழைத்துவர வயலுக்குப் போனார். கையில் மருந்துச் சீட்டு. லாரியில் வந்தவர்களில் ஒருவன் தடிக்கம்பால் அவருடைய வலது காதோரம் அடித்தான். யாரை அடிக்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

வலது காது அன்றே போயிற்று. இடது காது இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அது ஏன் போகிறது என்று காது டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. அத்தான் யாரிடமும் சொல்லவில்லை. எதிரில் நிற்பவர்களின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். முகத்துக்கு நேராகப் பேசினால் அவருக்குக் கேட்காது என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பியானோவுக்கு உதடு இல்லை. ஒரு நாள் அக்கா தஞ்சாவூருக்கு வந்து என்னிடம் அழுதாள். "பையத் தூக்கிக்கிட்டுப் போறாங்க, மாதா கோயில் வாசல்லயே ஒக்காந்துட்டு வந்துர்றாங்கடி. உள்ள போவப் பயமா இருக்காம்." அதன் பிறகுதான் சித்தப்பா மகனுக்குக் கடிதம் எழுதினேன்.

கருவி வந்ததும் அத்தான் மறுபடியும் மனுஷரானார். நடுவில் உள்ள கட்டைகளுக்கு முள்ளை முழுதாக நம்பலாம். மேல்கோடிதான் தொல்லை. அங்கே கம்பிகள் விரல் நீளமே இருக்கும். தட்டினால் ஒலி எழுந்த வேகத்தில் அடங்கிவிடும், முள் தடுமாறிவிட்டுப் படுத்துவிடும். அதோடு, கணக்குக்குச் சரியாக நிற்கும் மேல்சுரம் காதுக்குச் சற்றுத் தாழ்ந்தே கேட்கும். அதைக் காது ஒப்புக்கொள்ளும் இடம்வரை தூக்கி வைக்க வேண்டும். அதற்கு என் காதை இரவல் வாங்கிக்கொண்டார். நான் பியானோவின் பக்கத்தில் அவர் பார்க்கும்படி நிற்பேன். விரலை உயர்த்தினால் முறுக்கு, தாழ்த்தினால் தளர்த்து, தலையசைத்தால் சரி. பக்கத்து ஊர்க் கோயில்களுக்கும் விடுமுறை நாட்களில் அவருடன் போனேன். மூன்று வருஷம் இப்படி ஓடியது.

பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பியானோக் கலைஞர் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. விழாவுக்கு முதல் நாள் காலை அத்தான் வந்தார். நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் முடித்து, மேல்கோடிக்கு வந்தபோது தலைமையாசிரியை உள்ளே வந்து, அத்தானுக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்க்க ஆரம்பித்தார். பாக்கி இருந்தவை பதினொரு கட்டைகள். விரலை உயர்த்தித் தாழ்த்தினால் அந்த அம்மா உடனே கேட்பார். எதற்கு இந்தச் சைகை, இவருக்குக் காது கேட்காதா? அவருடைய பிழைப்பு போய்விடும் என்று பயந்தேன். இத்தனை நாள் மறைத்த என் வேலையும் போய்விடும் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். அத்தான் ஒவ்வொரு கம்பியாக முறுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தேன். பதினொன்றும் பதினொரு விதமாகப் பிசகியிருந்தன.

தலைமையாசிரியை போய்விட்டார். அத்தான் சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சரிதானேம்மா? இன்னொரு தடவ பாத்துருவமா?" என்று கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். அரைமணி நேரத்தில் சரிசெய்திருக்கலாம். சேர்ந்திசைப் பிள்ளைகள் மண்டபத்தில் எனக்காகக் காத்திருந்தார்கள், மாலை கட்டும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. "சரியாத்தான் இருக்குங்க அத்தான்" என்றேன். அந்தக் கோடியில் யார் அதிகம் வாசிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சென்னைப் பியானோக் கலைஞர் ஒத்திகைக்காக, மேடைக்குக் கொண்டுவந்திருந்த பியானோவின் முன் உட்கார்ந்தார். விரல்கள் கீழிருந்து மேலே ஓடின. கோடியை எட்டியதும் நின்றன. மறுபடியும் ஓடி, மறுபடியும் அதே இடத்தில் நின்றன. "இதை யார் டியூன் பண்ணாங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பக்கவாட்டு வாசலருகே, வெளியே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். தலைமையாசிரியை, "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. "மாஸ்டர்! உங்களத்தான்!" மண்டபத்தில் ஆசிரியைகளும் மாணவிகளுமாக நூறு பேருக்கு மேல் இருந்தோம். மூன்றாவது முறை அந்த அம்மா கத்தியே கூப்பிட்டார். அத்தான் வாசலுக்கு வெளியே மரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு மாணவி சிரித்தாள். பிறகு எல்லோருக்கும் புரிந்தது. ஒரு ஆசிரியை போய் அவர் தோளைத் தொட்டதும், திரும்பி, நூறு முகங்களும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமல் புன்னகை செய்தார்.

அன்று சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். பேருந்து நிலையத்தில் என்னைத் தனக்கு நேராக நிறுத்திக்கொண்டு கேட்டார். "எங்கம்மா தப்பாச்சு? மேலயா?"

"எல்லாமே கொஞ்சம் பிசகுதாங்க அத்தான்" என்றேன். "அந்த மிஷின்ல ஏதோ கோளாறு போல. அதப் பாத்துட்டு நானும் ஏமாந்துட்டேன்."

அவர் என் உதட்டையே பார்த்தார். ஒருமுறை சொன்னது போதாது என்பதுபோல நான் அதை இன்னொருமுறை நிதானமாகச் சொன்னேன். அவர் பையைத் திறந்து கருவியை எடுத்து, பாட்டரியைக் கழற்றித் தனியாகவும் கருவியைத் தனியாகவும் என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்க" என்றார். எங்கள் தேவாலயத்தில் கிட்டார் வாசித்த ஒருவருக்கு அதைக் கொடுத்தேன். அது பல வருஷம் இம்மி பிசகாமல் வேலை செய்தது.

செய்தி கோயிலுக்குக் கோயில் பரவியது. பரவாமல் இருந்திருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். காதையும் நம்ப முடியாது, முள்ளையும் நம்ப முடியாது என்ற பிறகு எதை நம்பிச் சாவியைப் பிடிப்பது? என் வேலை போகவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "பாவம், நீயும்தான் என்ன செய்வே" என்றார். அதற்கும் தலையசைத்தேன்.

அவருடைய அப்பா இறந்த பிறகு அந்த ஒரு ஏக்கர் வழக்கு அத்தானின் பெயருக்கு வந்தது. வாய்தாவுக்கு வாய்தா நாகப்பட்டினம் போனார். ஒரு வாய்தா அன்று வக்கீல் வேறொரு கோர்ட்டில் இருந்தார். அத்தான் வராந்தா பெஞ்சில் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் ஆஜராகவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கோர்ட்டு கலைந்து, பெஞ்சைத் துடைக்க வந்தவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. மறுபடியும் மனுப் போடலாம் என்றார் வக்கீல். "போட்டுட்டு? திரும்பவும் கூப்புடுவாங்க" என்று அத்தான் அக்காவிடம் சொன்னாராம். அத்தோடு விட்டுவிட்டார். தன் அப்பா வேலை பார்த்த அதே வயல்களில் கூலிக்கு இறங்கினார். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் அந்தக் கூலியும் இல்லை.

அவர் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, செல்போனைப் பியானோவின் மேல் வைத்துக்கொண்டு ஒருவர் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர். திரையைப் பார்த்து முறுக்கிவிட்டு, பிறகு கண்ணை மூடிக் கேட்டார். மேல்கோடிக்கு வந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அத்தானைக் கடைசியாகப் பார்த்தது ஒரு கார்த்திகை மாதம். அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவர் முதுகைக் காட்டியபடி குந்தி உட்கார்ந்து, மழையில் சரிந்த வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் போய் நின்று சொல்ல வேண்டும் என்றுதான் தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டிருந்தேன். பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எதிரில் போகக் கால் வரவில்லை. அவருக்குப் பின்னால், நாலடி தள்ளி நின்றுகொண்டு, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "மிஷின்ல ஒரு கோளாறும் இல்லங்க அத்தான். அது சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்." வாய்விட்டு, தெளிவாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

என் நிழல் வேலியில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார்.

"என்னமோ சொன்னியாம்மா?"

அவர் கண்கள் என் உதட்டில் வந்து நின்றன. காத்திருந்தார்.

"சாப்புட்டீங்களான்னு கேட்டேங்க அத்தான்."

"ஆச்சும்மா" என்றார். "நீ சாப்புட்டியா?"