சபை கொடுத்த ஓலைக் கொட்டகை

அன்றைய நகரசபைக் கூட்டத்திற்குச் சேர்மனும் கவுன்சிலர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கமிஷனர் வந்திருந்தார். வாசலோரமாக என் அம்மாவும், எங்கள் தெருவில் மீன் விற்கும் இன்னும் ஐந்து பெண்களும், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த நானும் நின்றோம். அப்பா வரவில்லை, வள்ளத்தோடு கடலில் இருந்தார். சென்னை சர்க்கார் வரவில்லை. அது வந்திருக்க வேண்டிய கூட்டம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மனு சின்னதுதான். கரையிலிருந்து ஊருக்குள் ஏறும் சாலையோரம் உட்கார்ந்து மீன் விற்பவர்கள் ஓர் ஓலைக் கொட்டகை போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். நிழல் இல்லாததால் பத்து மணிக்கெல்லாம் மீனின் கண் கலங்கிவிடும். அதன்பின் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் கருவாட்டுக்குப் போட வேண்டும். கடல் கொந்தளித்து மீன்பாடு குறைந்த மாதங்களில் எங்கள் வீட்டு உலையும், என் பள்ளிக்கூடச் சம்பளமும் அம்மாவின் அந்தக் கூடையை நம்பித்தான் இருந்தன.

எங்கள் வார்டு கவுன்சிலரான பலசரக்குக் கடை அண்ணாச்சி எழுந்து பேசினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

"போய்க் கொட்டகையப் போடுங்க. சபையே சொல்லியாச்சு. இனி எவன் கேப்பான்?" என்றார் அண்ணாச்சி வெளியே வந்து.

எங்கள் தெருவில் ஊர்க்கூட்டம் கூடி ஒன்றைச் சொல்லிவிட்டால் அதுவே முடிவு. கோயில் முன்னால் எல்லோரும் சரி என்ற பிறகு வேறு யாரிடமும் போய்க் கேட்கும் வழக்கம் இல்லை. நகரசபையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். சனிக்கிழமை கம்பும் ஓலையும் வந்து இறங்கின. ஞாயிறு பூசை முடிந்த கையோடு கொட்டகை எழுந்தது. மறுநாள் அம்மா நிழலில் உட்கார்ந்து, மதியம் வரை விலை இறக்காமல் விற்றாள்.

சில வாரங்களில் நகரசபைச் சேவகன் நோட்டீசோடு வந்தான். தீர்மானம் ரத்து. கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும்.

அம்மாவையும், அவளோடு மீன் விற்கும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கமிஷனரிடம் போனேன். அவர் கோபக்காரர் இல்லை. நாற்காலியைக் காட்டினார், பெண்கள் உட்காரவில்லை.

"தம்பி, தீர்மானத்தைக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டியது என் கடமை. பொதுச் சாலையில் கொட்டகைக்கு இடம் கொடுக்கச் சபைக்கு அதிகாரம் இல்லைன்னு அவர் மேலே எழுதினார். சென்னையில் ரத்து பண்ணிட்டாங்க. சட்டம் அப்படி."

அந்தச் சட்டப் புத்தகத்தைக் கேட்டேன். கொடுத்தார். இங்கிலீஷ் வரிகளில் விரல் வைத்து வாசித்தேன். கவுன்சில் இதைச் செய்யலாம், அதைச் செய்யலாம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. கவுன்சிலின் எந்தத் தீர்மானத்தையும் சர்க்கார் ரத்து செய்யலாம் என்று ஓரிடத்தில் நாலைந்து வரி இருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மற்றப் பக்கங்களை அச்சடித்திருக்கவே வேண்டாமே என்று எரிச்சல் வந்தது.

"ஏலே, என்னலே போட்டிருக்கு?" என்றாள் பெரியம்மா.

"மெட்ராஸ்ல வேண்டாம்னுட்டா இவுக ஒண்ணும் செய்ய முடியாதாம் பெரியம்மா."

"அப்ப அன்னைக்கு அத்தன பேரும் கையத் தூக்குனது எதுக்கு? ஈரக் கைய காயப் போடவா?"

கமிஷனர் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மூடி வைத்தார்.

அங்கிருந்து அண்ணாச்சியின் கடைக்கு வந்தோம். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னம்மா செய்ய? என் கையில என்ன இருக்கு? மேலிடத்துக்கு ஒரு மனு போடச் சொல்லு. ஒன் மவன் படிச்ச பையன்லா?"

"மனு போயி வாரது வரைக்கும் மீனு கெடாமக் கெடக்குமா அண்ணாச்சி?" என்றாள் அம்மா.

அவர் பொட்டலத்தை மடிக்கத் தொடங்கினார்.

மனுவை எழுதி அனுப்பினேன். பதில் வருவதற்குள் நோட்டீசில் சொன்ன கெடு தீர்ந்தது. ஆண்கள் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் நகரசபைக் கூலியாட்கள் வந்து கொட்டகையைப் பிரித்தார்கள். ஓலை கிழிந்து ஒன்றுக்கும் உதவாமல் போனது. பிரித்த கூலியையும் நாங்களே கட்ட வேண்டும் என்று பில் வந்தது; அதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. அம்மா பழையபடி வெயிலில் உட்கார்ந்து, பத்து மணிக்கு மேல் பாதி விலைக்குக் கொடுத்தாள்.

ஆறு பெண்களும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். கம்பு, ஓலை, கட்டின கூலி எல்லாம் சேர்த்து ஏற்கெனவே எழுபது ரூபாய் போயிருந்தது. பிரித்ததற்குப் பதினோரு ரூபாய் எட்டணா. ஆகக்கூடி எண்பத்தோரு ரூபாய் எட்டணா.