திரைக்கு ரெண்டு முனை, ஊரோ மூணு!

இன்று மத்தியானம் பாரிவாக்கத்துக் களத்துமேட்டில், கூத்து ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு கூத்து நடந்தது!

(மத்தியானத்தில் கூத்தா என்று கேட்காதீர்கள். யுத்த காலம். விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. ராஜாக்கள் எல்லாம் இனிமேல் வெயிலில்தான் வரவேண்டும்.)

விஷயம் இதுதான். நம் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றைக் குமணன்சாவடி, செம்பரம்பாக்கம், பாரிவாக்கம் மூன்று ஊரும் சேர்ந்து வருஷம் முழுக்கத் தாங்குவதாகப் பேச்சு.

எங்கள் குமணன்சாவடி வண்டியும் உடுப்பும் தரும். செம்பரம்பாக்கம் மேளக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும். பாரிவாக்கம் சோறு போடும்.

மூன்று ஊர்க் கமிட்டிக்கு நான் செகரெட்டரி. (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.)

குழுவின் வாத்தியார் கன்னியப்பன் என்னிடம் முன்னமே சொல்லிவிட்டார்.

"இந்தக் கூட்டு நெலச்சாத்தான் அய்யா குழு நிக்கும். இல்லாங்காட்டி பசங்கல்லாம் ஆவடி மிலிட்டரி கேம்புக்கு மண்ணு சொமக்கப் பூடுவானுங்க. மேஸ்திரி டெய்லி வந்து கூப்டுகினு கீறான்."

இன்று முதல் கூத்து. ராஜா வேஷம் எல்லப்பன். மற்ற நாட்களில் பாரிவாக்கம் மணியக்காரர் வயலில் ஏர் ஓட்டுகிறவர்.

ராஜா வரும்போது முன்னால் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். ராஜா அதன் பின்னால் நின்று பாடி, ஆடி, பிறகுதான் முகம் காட்டுவார். கூத்துக்குச் செலவு செய்கிற ஊர்தான் திரையைப் பிடிக்கும். அது பெரிய மரியாதை.

மூன்று ஊரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசினோம். திரையைப் பிடிக்க இரண்டு முனைதான் உண்டு என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை!

நான் ஒரு முனையைப் பிடித்தேன். செம்பரம்பாக்கம் நாட்டாமை மறு முனையைப் பிடித்தார்.

மணியக்காரர் எழுந்து நின்றார்.

"இன்னாய்யா இது? எடம் எங்குளுது, சோறு எங்குளுது. மரியாதை மட்டும் உங்குளுக்கா?"

"அடுத்து மந்திரி வேஷம் வருது. அதுக்கு நீங்க புடிங்களேன்" என்றேன். (இதைச் சொல்லியிருக்கக் கூடாது.)

"மந்திரிக்கா? நானா? இன்னையோட பாரிவாக்கம் உங்க கூட்டுல இல்ல. டேய், சோத்து ஒலைய எறக்குங்கடா!"

மேளம் நின்றது. கன்னியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஏரிக்காற்று ஒரு வீசு வீசியது. (ஏரியும் செம்பரம்பாக்கத்தான் பக்கம்தான் என்று பாரிவாக்கத்தார் பிறகு சொன்னார்கள்.)

திரை அடியிலிருந்து மேலே பறந்தது. ராஜாவின் முழங்கால் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் முகமே தெரிந்துவிடும், அப்புறம் கூத்து ஏது?

"புடி! புடி!"

ஓடி வந்தவர் மணியக்காரரேதான்! திரையின் அடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"என் ஊரு களத்துல ராஜா மானம் போவக்கூடாது!"

கட்டியக்காரன் என்று கூத்தில் ஒரு கோமாளி உண்டு. வாய் சும்மா இருக்குமா?

"மகா ஜனங்களே, பராக்! மகாராஜா வராரு! பாரிவாக்கம் மணியக்காரரே அவரு கால புடிச்சிகினு குந்திகினு கீறாரு!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. தினமும் மணியக்காரர் எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள்தானே திரைக்குப் பின்னால் நிற்பது! கூட்டு இதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து எல்லப்பன் குரல் மெதுவாக வந்தது.

"அய்யா, நீங்க ஏந்திருங்க. நான் சமாளிச்சிக்கிறேன்."

மணியக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ராஜா இப்பிடில்லாம் பேசக்கூடாது. பாடு!"

எல்லப்பன் பாடினார். இதற்கு முன் அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்து ராஜா முகம் காட்டும் வரை மணியக்காரர் கையை எடுக்கவில்லை. பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து ஒரே ஒரு சத்தம் போட்டார்.

"ஒலைய ஏத்துங்கடா!"

கன்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (வேர்வை என்றார். சரி.)

வண்டி ஏறும்போது செம்பரம்பாக்கம் நாட்டாமை என் காதோரம் வந்தார்.

"அடுத்த கூத்து எங்க ஊர்ல. திரைக்கு அடிமுனை எனுக்குத்தான், இப்பவே சொல்லிக்கினேன்!"

ஆக, மேல் முனை இரண்டும் இப்போது காலியாக இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா, நண்பர்களே?