நான் கேபிளைப் பிடித்திருந்த வெள்ளிக்கிழமை

தொங்குகிற நூலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால், நான் இறங்குகிற வரைக்கும் அது என் கண்ணைக் குத்திக்கொண்டே இருக்கும். பனியன் கம்பெனி வீட்டில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. பீஸில் நூல் தொங்கினால் அது பிசிர், பிசிர் இருந்தால் செக்கிங்கில் தள்ளிவிடுவார்கள், அதனால் வெட்டு. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தது பாதி மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை. அந்தக் கைதான் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அத்தைக்கும் டாக்காவில் இருந்த மாமாவுக்கும் குறுக்கே போனது. அப்படித்தான் நான் ரொம்ப காலம் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பெருமாநல்லூரில். கீழே கம்பெனி, மேலே குடித்தனம். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து குழந்தைகளுக்கான பனியன் தைத்துக்கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் மேலே கூடத்தில் இருந்தது. அந்தக் காலத்து இன்டர்நெட் டெலிபோன் ஒயரில் மேஜைக்கு அடியில் மோடம் என்கிற பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு நீலக் கேபிளில் பக்கத்தில் நின்ற சிபியுவின் முதுகுக்குப் போகும். சிபியு பக்கத்து முனையில் இருந்த பிளாஸ்டிக் கிளிப், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இழுபட்டு உடைந்துவிட்டது. கிளிப் இல்லாவிட்டால் கேபிள் நிற்காது, மெல்ல வழுக்கி வெளியே வந்துவிடும். அப்பா தையல் நூலை நாலாக முறுக்கி, கேபிளைப் பக்கத்துத் திருகாணியோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார். நூலில் கட்ட முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாமா டாக்காவில் ஒரு பனியன் ஃபேக்டரியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்மென்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை. குழந்தை பிறந்து ஒரு மாதம் தாண்டியும் அவர் அதன் முகம் பார்க்கவில்லை.

போன் மட்டும் வரும். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால், எங்கள் கம்பெனியின் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிடுவார். முதலில் அப்பா எடுத்து நூல் விலை பேசுவார். பிறகு சித்தப்பா எடுத்து அங்கே என்ன மெஷின் ஓட்டுகிறார்கள் என்று கேட்பார். அம்மா எடுத்து அங்கே என்ன சாப்பாடு என்று கேட்பார். கடைசியில் அத்தையின் கைக்கு ரிசீவர் வரும்போது நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். அத்தை, "சாப்ட்டீங்களா?" என்பார். "ம்" என்பார். "சரிங்க" என்பார். வைத்துவிடுவார்.

அந்த வாரம் சித்தப்பா கோயமுத்தூர் போய் ஒரு கேமரா வாங்கிவந்தார். இனி படம் பார்த்தே பேசலாம் என்றார். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மாமா குழந்தையைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அங்கே அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. கூட வேலை செய்பவரின் லேப்டாப்பை மூன்று மணி வரைக்கும் கேட்டு வாங்கியிருந்தார்.

மாமா பார்க்கப் போவது குழந்தையை என்றாலும், கேமராவில் வீடு தெரியுமே என்று அம்மா காலையிலிருந்தே ஒட்டடை அடித்தார். கம்ப்யூட்டர் மேஜையைத் துடைக்கிற வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்பு முடித்த முழுப்பரீட்சை லீவு அது. கீழே பிசிர் வெட்டுகிற அக்காக்களோடு உட்கார்ந்து விளையாட்டாக வெட்டிப் பழகி, கழுத்தில் ஒரு சின்னக் கத்தரியை மாட்டிக்கொண்டே திரிந்தேன். சிபியுவின் பின்னால் துடைக்கக் குனிந்தபோது நூல் தொங்கியது. ஒன்றல்ல, நாலு. மாமா டாக்காவில் பிசிர் பார்க்கிற ஆள் ஆயிற்றே, அவர் கண்ணில் இது படலாமா? கச்சிதமாக வெட்டி எடுத்து, துண்டு நூலைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். யாராவது பாராட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்ததும் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். சித்தப்பா நாற்காலி போட இடம் வேண்டுமென்று சிபியுவைக் கொஞ்சம் நகர்த்தினார். பட்டனைத் தட்டினார். திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்து நின்றது.

"கேபிள் இஸ் அன்ப்ளக்டுங்குதுங்ணா," என்றார் சித்தப்பா.

"அப்பிடின்னா?"

"நெட்டு வரலைங்கறத அவன் அப்பிடிச் சொல்றான்."

அதற்குப் பிறகு அவரவருக்குத் தெரிந்த வைத்தியம் நடந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். மோடத்தை அணைத்துப் போட்டார்கள். அம்மா மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். சித்தப்பா வைரஸ் என்றார். அப்பா, ரோட்டில் சாக்கடைக்குக் குழி தோண்டுகிறவன் ஒயரை வெட்டியிருப்பான் என்றார். பிசிர் வெட்டுகிற மதுரைக்கார அக்கா வாசற்படியில் தட்டோடு நின்று, "டாக்கா மாப்ளயப் பாக்கலாம்னு சோத்த அள்ளிக்கிட்டு ஓடி வந்தேன். இங்கன என்னடான்னா ஒங்க ரெண்டு பேர் மொகந்தான் கண்ணாடில பாக்குற மாதிரி தெரியுது" என்றார்.

அப்பா புகார் நம்பருக்குப் போன் போட்டார். முதலில் பதிவு செய்த குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. அப்பா அதற்கும், "சரிங்க, அமுக்கறனுங்க" என்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே அமுக்கினார். பிறகு ஒரு பெண் பேசினார். மோடத்தில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேட்டார். மேஜைக்கு அடியில் நுழையக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

உள்ளே போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நூல் வெட்டிய கேபிள் பாதி வெளியே வழுக்கி நின்றது. ஒரு விரலால் அழுத்தினேன்.

"வந்துருச்சு!" என்று மேலே சித்தப்பா கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். விரலை எடுத்தேன்.

"போச்சு!"

இன்னொரு முறை அழுத்தினேன். "வந்துருச்சு!" எடுத்தேன். "அட, போச்சு!" மதுரைக்கார அக்கா, "என்னங்கண்ணே, பிள்ளயாட்டம் கண்ணாமூச்சி வெளயாடுது" என்றார்.

கேபிளை உருவி, பத்து எண்ணி, திரும்பச் சொருகச் சொல்கிறார் அந்தப் பெண் என்றார் அப்பா. மோடம் பக்கம் அப்படியே செய்தேன்.

"ரெண்டு பக்கமும் பண்ணீட்டியா?" என்றார் சித்தப்பா. "சிபியு பக்கம் நல்லா சொருகி இருக்குதா?"

"இருக்குதுங் சித்தப்பா."

அந்த ஒரு பொய். அதைச் சொல்லிவிட்டு நான் பையிலிருந்த துண்டு நூலை எடுத்துக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன். அத்தை அப்போது குழந்தையோடு அறை வாசலில் நின்றிருந்தார். அப்பாவின் கம்பெனிக் கடிதமெல்லாம் அத்தைதான் அந்தக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுப்பார், பி.காம். படித்தவர். "அண்ணா, நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?" என்றார்.

"நீ கொழந்தையப் பாரு அம்மிணி. இது கரண்டு விவகாரம்," என்றார் சித்தப்பா.

அத்தை சரி என்று குனிந்து தரையில் விழுந்த குழந்தையின் துணியை எடுத்தார். எடுக்கும்போது மேஜைக்கு அடியில் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மூடிய கையைப் பார்த்தார், விரல் இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த நூலையும் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் அங்கே இல்லை.

மாமா அப்பாவின் செல்லுக்குக் கூப்பிட்டார். "நெட்டு வரலீங்க மாப்ள. அடுத்த வெள்ளிக்கெழம பாத்துக்கலாமுங்க," என்று சொல்லும்போது அப்பாவின் குரல், ஏதோ அவரே தப்பு செய்தவர் போல இறங்கிப்போயிற்று. இரண்டு மணிக்கு பெல் அடித்தது. அவசரச் சரக்கு, மெஷினை நிறுத்த முடியாது. அப்பா, சித்தப்பா, அம்மா, மதுரைக்கார அக்கா, எல்லோரும் கீழே போனார்கள். மாடி காலியாயிற்று. நான் மேஜைக்கு அடியிலேயே இருந்தேன். வெளியே வந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அத்தை வந்து தரையில் உட்கார்ந்தார். நான் கையைத் திறந்து காட்டினேன். "நாந்தான் அத்தை வெட்டிப்போட்டேன். பிசிருன்னு நெனச்சு..."

"தெரியும் சாமி. அழுவாத."

என்னை அடி வாங்காமல் காப்பாற்றத்தான் அவர் இத்தனை நேரமாக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அந்த இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. இரண்டு மணிக்கு மாடி காலியாகும் என்பது எனக்குத் தெரிந்த மாதிரி அத்தைக்கும் தெரியும் என்பது தோன்றவில்லை.

"இத அமுக்கிப் புடிச்சுக்கோ கண்ணு. நான் சொல்ற வரைக்கும் உடக்கூடாது," என்றார்.

அந்த வீட்டில் கை நீட்டிய இடத்திலெல்லாம் நூல் கிடைக்கும். ஜன்னல் கட்டையில்கூட ஒரு நூல் கோன் நின்றது. அத்தை நினைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் கட்டியிருக்கலாம். ஆனால் நான் கட்டைவிரலால் கேபிளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே கம்ப்யூட்டரில் மணி அடிப்பது கேட்டது. அது நின்று, தூரத்திலிருந்து ஒரு மனிதர் இருமுகிற சத்தம் வந்தது.

"ஏனுங்க," என்றார் அத்தை.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலியின் நாலு காலும் அத்தையின் இரண்டு காலும்தான். அவை அசையவில்லை. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தை ஒருமுறை விக்கியது. நான் காத்திருந்தேன். மாமா பேசவில்லை. அத்தை பேசவில்லை. கட்டைவிரலை இன்னும் அழுத்தினேன். நகம் வெளுத்துப்போயிற்று. பேச்சு வரவில்லை. மூன்று மணிக்கு லேப்டாப்பைக் கொடுத்துவிடுவாரே. பாவம், இவர்களுக்குக் கிடைத்ததே இந்த ஒரு மணி நேரம். அதுவும் ஊமைப்படமாக ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் எதுவும் செய்யமாட்டேன் என்கிறார்கள்!

புகார் நம்பர்ப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. கேபிளை உருவினேன். ஒன்று, இரண்டு என்று பத்து வரைக்கும் நிதானமாக எண்ணினேன்.

"ஐயோ!" என்று மேலே ஒரு சத்தம். அத்தையின் தலை மேஜைக்கு அடியில் வந்தது. கன்னமெல்லாம் ஈரம். "ஏங் கண்ணு உருவுன?"

"பேச்சே வரலீங்களே அத்தை. ரிப்பேருன்னு..."

அத்தை என்னையே பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் சிரித்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "சொருகு," என்றார்.

மறுபடியும் மணி அடித்து, மறுபடியும் மாமா வந்தார். "என்னாச்சு? என்னாச்சு?" என்று பதறினார்.

"ஏதாச்சும் பேசிட்டே இருங்க. நீங்க பேசலைன்னா கீழ ஒருத்தி கேபிளப் புடுங்கிப்போடறா," என்றார் அத்தை.

மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. பிறகு எனக்காகவே பேசுவது போல இரண்டு பேரும் பேசினார்கள். குழந்தையின் காது யாரைப் போல, அங்கே மழையா, அந்தப் பச்சைச் சட்டையை ஏன் இன்னும் போடுகிறீர்கள் என்று. நடுவில் அவ்வப்போது பேச்சு நின்றுபோகும். நான் உடனே கேபிளை லேசாக ஆட்டுவேன். மேலிருந்து அத்தையின் கால் வந்து என் முழங்காலை மெல்ல இடிக்கும்.

சாயங்காலம் அத்தையே சொன்னார், இரண்டேகாலுக்கு லைன் வந்துவிட்டது, மாமா குழந்தையைப் பார்த்துவிட்டார் என்று. "நான் செட்டிங்கு மாத்துனனல்லங்ணா," என்றார் சித்தப்பா. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. சிபியுவின் பின்னால் அத்தை புது நூல் போட்டுக் கட்டி, முனைகளை ஒட்ட வெட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பொய் சொன்ன குற்றத்தை எதையாவது சொல்லிக் கழுவ வேண்டுமென்று எனக்கு. "படம் வந்துச்சுங்கப்பா. பேச்சுதான் சரியா வரல. ரொம்ப நேரம் ரெண்டு பேருக்குமே வரல," என்றேன். அம்மா சட்டென்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அத்தை குழந்தையின் நெற்றிப் பொட்டை ரொம்பக் கவனமாகச் சரி செய்துகொண்டிருந்தார். அப்பா மட்டும் கவலையாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அப்பா ஒரு ஹெட்போன் வாங்கிவந்தார், வாய்க்கு மைக் வைத்தது. ஒருவர் மாட்டிக்கொண்டால் அவருக்கு மட்டும்தான் கேட்கும். அப்பா மாட்டி நூல் விலை பேசினார். சித்தப்பா மாட்டினார், அம்மா மாட்டினார். கடைசியில் அத்தை இரண்டு காதையும் மூடி மாட்டிக்கொண்டு குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தார். நாங்கள் வழக்கம்போலச் சுற்றி நின்றோம். மாமாவின் உதடு திரையில் அசைவது தெரிந்தது. அத்தை "சாப்ட்டீங்களா"கூடக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கழுத்து வரைக்கும் சிவந்தார்.

கழற்றிவைத்ததும் நான்தான் முதலில் ஓடினேன். "மாமா என்னுங்க அத்தை சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல கண்ணு," என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எழுந்து போனார்.

புது ஹெட்போனும் அதற்குள் கெட்டுப்போயிற்று என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று, அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.