ஏடிவி ஏற்றப் பலகை கேட்ட தம்பிக்கு: நுவரெலியாவிலிருந்து வட்டகொடைக்கு நாங்கள் டிராக்டர் கொண்டுபோன கதை

ஏடிவி என்கிற நான்கு சக்கர மலைவண்டியை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நுவரெலியாப் பக்கம் வரப்போகிற தம்பி ஒருவர், எந்தச் சாய்வுப் பலகை வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தார். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. 1981 மாசி மாதம் அந்தப் பக்கத்து மலை ரோட்டில் ஒரு கை டிராக்டரை ஏற்றிப் போனவள் நான். பட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டி, வேலையிலிருந்து நிறுத்தியபோது கிடைத்த சேவைப் பணத்தில் அந்தப் பழைய இரண்டு சக்கர டிராக்டரை வாங்கினோம். நானும் என் நாத்தனார் செல்வமும் சேர்ந்து வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே அரை ஏக்கர் காணியைக் குத்தகைக்குப் பேசியிருந்தோம். காணிக்காரர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், கறார் ஆள். "ரெண்டு பொம்பளைங்க மம்பட்டியோட வந்து என் காணிய காயவிடுவீங்க. சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள உழுது காட்டுங்க. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு நுவரெலியாவில் நின்றோம். போகவேண்டியது இருபது மைலுக்குக் கொஞ்சம் அதிகம். பிக்கப் வாடகை நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் மாணிக்கம் அண்ணன் நல்ல மனுஷர், பக்தி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பலகை வாங்க மரக்கடைக்குப் போனேன். "பிக்கப்போட பின்பக்க உயரத்த அளந்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார்.

"அளந்து என்னத்த கிழிக்கப் போறீங்க? அஞ்சடி போதும். தோட்டக்காட்டு ஆளுங்களுக்கு டிராக்டரு வேற! கொழுந்து பறிக்கிற கைக்கு அது அடங்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வழவழவென்று இழைத்த ஐந்தடிப் பலகை இரண்டை வாங்கி, கடை வாசலிலேயே பிக்கப்பில் சாய்த்தோம்.

"எலுமிச்சம்பழம் வைக்காம ஏத்தக் கூடாதும்மா" என்றார் மாணிக்கம் அண்ணன். சமதரையில் வைத்திருந்தால் வம்பில்லை. அவர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், பலகை மேலேயே ஒரு பழத்தை வைத்தார். நாங்கள் வேதக்காரர்கள். ஆனாலும் நல்ல காரியத்தில் எதற்குத் தர்க்கம் என்று நானும் சிலுவை போட்டுக்கொண்டு கியரைப் போட்டேன். பழம் நசுங்கியது. இழைத்த பலகையில் சாறு வழிந்தது. இரண்டடி ஏறியதும் சக்கரம் வழுக்கிச் சுற்ற, கட்டாமல் விட்ட பலகை பின்னால் பறந்தது. டிராக்டர் தரையில் குத்தியது, கைப்பிடி என் விலாவில் இடித்தது. கடை வாசலில் கைதட்டிச் சிரித்தார்கள். மணி ஒன்பதரை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இவங்க முன்னாடி அழுதா நான் எங்கம்மா வயித்துல பொறக்கல" என்றேன் செல்வத்திடம்.

அவள் பாத்தி பிடிக்கக் கொண்டுவந்திருந்த மட்டக்கம்பை எடுத்தாள். கொழுந்து பறிக்கும்போது செடியின் மட்டம் பார்க்கத் தேயிலை மேல் வைக்கிற மூன்றடிக் கம்பு அது. பிக்கப்பின் பின்பக்கம் முக்கால் கம்பு உயரம்.

"அண்ணி, இந்த ஏத்தத்துல ஆடுகூட ஏறாது. வண்டிய கான்ல எறக்குவோமா?"

அடடா! கான் என்றால் மழைநீர் ஓடுகிற வாய்க்கால். பரம்பரையாகத் தோட்டத்தில் கான் வெட்டிய குடும்பம் எங்களுடையது. அது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!

நானுஓயா ரோட்டில் அரை மைல் தள்ளி ஒரு மண்மேடும், அதன் காலடியில் ஆழமில்லாத கானும் இருந்தன. அதுவரை டிராக்டரை ஓட்டிக்கொண்டே போனேன். பிக்கப்பின் பின்சக்கரங்கள் கானில் இறங்கியதும் பின்பக்கம் தாழ்ந்து மேட்டுக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. பலகைகளில் சாக்கைச் சுற்றி, நுனிகளைப் பிக்கப்போடு கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். மாணிக்கம் அண்ணன் பையில் கை விட்டார். "அண்ணே, பழத்த எடுத்தீங்கன்னா நடந்தே ஊருக்குப் போயிருவேன்" என்றேன். முதல் கியரில் ஏற்றினேன். பூனைபோல ஏறிக்கொண்டது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கானிலிருந்து மேலேறிப் புறப்படும்போது மணி பன்னிரண்டு பத்து.

வளைவுக்கு வளைவு கயிறு தளர்ந்தது, இறங்கி இறங்கி இறுக்கினோம். மூன்று நாற்பதுக்கு வட்டகொடை. காணிக்காரர் அடுத்த குத்தகைக்காரரோடு தயாராக நின்றார். "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "வந்துட்டீங்க. ஓட்டுற ஆள் எங்க?" என்று மாணிக்கம் அண்ணனைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன்.

இங்கும் ஒரு மேட்டோரம் பிக்கப்பை ஒட்டி நிறுத்தவைத்து, டிராக்டரை ரிவர்ஸில் இறக்கினேன். விலா வலியில் உயிர் போனது. போகட்டும் என்று உழுதேன். மூன்றாவது சால் முடிந்ததும் காணிக்காரர் பக்கத்தில் நின்ற அந்தக் குத்தகைக்காரரிடம், "நீ போ. இவங்க விடமாட்டாங்க" என்றார். வெளிச்சம் மங்கும்போது ஒரு மூலை மட்டும் மிச்சம். அதைச் செல்வம் மம்பட்டியாலேயே கொத்தி முடித்துவிட்டாள். காணி எங்களுக்குத்தான்.

ஆகவே தம்பி, பின்பக்க உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமாவது பலகை இருக்கட்டும். வண்டியின் எடையையும் உங்கள் எடையையும் சேர்த்துத் தாங்குகிறதா பாருங்கள். வழவழப்பானது வேண்டாம். பிக்கப்போடு கட்டாமல் ஏறவே ஏறாதீர்கள், பலகை மேல் வண்டியைத் திருப்பாதீர்கள். எங்கள் மலையில் மேட்டுக்கும் கானுக்கும் பஞ்சமில்லை, நல்ல இடம் பார்த்து நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. எலுமிச்சம்பழத்தைத் தரையில் வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து எங்கள் காணியில் விளைந்த முதல் லீக்ஸ் காய்கறியை நுவரெலியாச் சந்தையில் இறக்கிவிட்டு, அதே மரக்கடைக்குப் போனேன். புதுப் பலகை வேண்டும் என்றேன். "எத்தன அடி?" என்றார் கடைக்காரர். மட்டக்கம்பை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"இதுல ரெண்டேகால் கம்பு. நான் அளந்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் நில்லுங்க."

நின்றார்.