புரட்டி வைத்த முட்டைகள்

மிருகக்காட்சி சாலையின் டாக்டரம்மா வேலையை விட்டுக் கிளம்பிய வியாழக்கிழமை காலையில்தான் அந்த வயதான நில ஆமை முதல் தடவையாக முட்டையிட்டது. இன்னொரு தடவை இடுமா என்பது சந்தேகம். டாக்டரம்மா முட்டைகளை ஈரமணல் டப்பாவில் பதித்து இன்குபேட்டருக்குள் வைத்தார். "நீதான் பாத்துக்கணும், கோழி" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

கோழி என்பது அவளுக்கு வந்து ஒட்டிக்கொண்ட பேர். பறவைக் கூண்டுகளில் வேலை. அவள் கை பட்டால் கூழாங்கல்லும் குஞ்சாகும் என்பார்கள். அந்தக் கை சும்மா இருக்குமா? காலையும் மாலையும் ஆமை முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தாள். தாய்ப்பறவை அலகால் செய்வதைத்தானே அவள் விரலால் செய்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை, பாம்பு அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அடிப்பாவி! என்ன பண்ற?"

"புரட்டுறேன்ணே. இல்லாட்டி கரு ஓட்டுல ஒட்டிக்கும்ல?"

"ஒட்டணும்மா! இது என்ன கோழியா? ஆமை மண்ணுல பொதச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடும். கரு மேல்பக்கமா ஒட்டிக்கிட்டு வளரும். தலைகீழாக்கினா உள்ளேயே செத்துப்போகும்."

எது மேல்பக்கம் என்று இனி யார் சொல்வது? டாக்டரம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: "முட்டையப் புரட்டிட்டேன்மா. செத்துடுமா?" பதில் இல்லை. ஏதோ தீவில் ஆராய்ச்சியாம், அங்கே சிக்னலே கிடையாதாம்.

வீட்டில் தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் அந்த டப்பாதான் கண்ணில் நின்றது.

"இது அழுதா தூக்கிப் பால் குடுக்கலாம். பறவைன்னா அடைகாக்கும். அந்த முட்டைங்களுக்கு என்னங்க பண்றது? தொடாம இருக்கணுமாம், அதுதான் கவனிப்பாம்!"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே," என்றான் கணவன். "நான் எந்த வேலையையும் தொடமாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவாள். நடுவில் ஒரு முட்டை நாறியது. பாம்பு அறைக்காரர் எடுத்துப் போனபோது சுவரைப் பார்த்து நின்றாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் இரண்டு முட்டை ஓடுகள் உடைந்திருந்தன. செதில் கழுத்தை நீட்டி இரண்டு குட்டிகள் மணலில் நகர்ந்தன, யாரையும் தேடவில்லை. மற்ற முட்டைகள் அப்படியே கிடந்தன. உயிர் இருக்கலாம் என்று, ரொம்ப நாள் வரை அவற்றை எடுத்தெறிய அவள் விடவில்லை.

பல மாதம் கழித்து, குட்டிகளுக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவின் பதில் வந்தது.

"இப்பதான் சிக்னல் கெடச்சுது. பயப்படாத கோழி. முட்டையிட்ட அன்னிக்கே புரட்டினா ஒண்ணும் ஆகாது. அதுக்கப்புறம் புரட்டலையே?"