மச்ச மண்

உரப்பையிலை மிளகாய்க் கண்டு வைக்கிறதை இப்ப பெரிய விண்ணாணமாக் கதைக்கினம். போனைத் திறந்தா ஒருத்தர் மாறி ஒருத்தர் வந்து குறைஞ்ச இடத்திலை கூடின விளைச்சல் எண்டு வகுப்பெடுக்கினம். எனக்குச் சிரிப்புத்தான் வரும். காணி இருந்திருந்தா நான் ஏன் உரப்பையிலை வைக்கிறன்? இடமில்லாதவள் வேற வழியில்லாமல் செய்த வேலைக்கு இவையள் பேர் வைக்கினம்.

மனுசன் செத்தாப் பிறகு நல்லூரிலை ஒரு வீட்டைப் பாத்துக்கொள்ள வந்தனான். வீட்டுக்கார அக்கா கனடாவிலை. பின்னாலை ஒரு அறை எனக்கு. பெரிய வீட்டைக் கூட்டித் துடைச்சு வைச்சிருக்க வேணும், அவ்வளவுதான் பேச்சு. அறைக்கும் மதிலுக்கும் இடையிலை ஒரு துண்டு நிலம் கிடந்தது. ஒரு லொறியைக் கொண்டுவந்து விட்டா நிரம்பிப்போகும். அதையும் மண் எண்டு சொல்லேலாது. சண்டைக்குள்ளை இடிஞ்ச பழைய வீட்டின்ரை ஓட்டுத் துண்டும் சுண்ணாம்பும் கல்லும். "நீ அதிலை என்னவும் செய் பிள்ளை" எண்டு அக்கா போனிலை சொன்னா. சொல்லுறதுக்கு என்ன, அந்தக் கல்லுக்குள்ளை எருக்கலைகூட முளைக்கேல்லை.

நான் மயிலிட்டிக்காரி, கடல்தொழில் செய்யிற குடும்பம். மீன் கழிவு மண்ணை என்ன செய்யும் எண்டு எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. அண்ணை துறைமுகத்திலை இருந்து கிழமைக்கு ஒருக்கா ஒரு பெயின்ற் வாளி நிறைய, மூடி போட்டு, மோட்டச் சைக்கிளிலை கொண்டு வருவார். செதிள், குடல், தலை. கரையிலை ஒதுங்கிற கடற்பாசி, நாங்கள் சாதாளை எண்டுவம், அதுவும் ஒரு பை வரும். கல்லைப் பொறுக்கி எறிஞ்சு, கிடங்கு வெட்டி, எல்லாத்தையும் கொட்டி, சாம்பலும் இலைகுழையும் போட்டு மூடுவன். பூனை கிண்டாமல் மேலை ஒரு கல்லும் வைப்பன். ஒரு கிடங்கு, அதுக்குப் பக்கத்திலை இன்னொரு கிடங்கு. அந்தத் துண்டு முழுக்க மண்ணாக ஏழு வருசம் எடுத்துது. கையை விட்டா முழங்கை மட்டும் போகும், அப்பிடிக் கறுத்த மண். உக்கினாப் பிறகு மீன் மணம் மருந்துக்கும் இல்லை.

பாத்தி ரெண்டு பக்கத்தாலையும் என்ரை கை எட்டுற அகலம். நடுவிலை ஒரு கால் வைக்க வழி, ரெண்டு கால் வைச்சா வீண். மதிலிலை கம்பி கட்டிப் பயித்தங்காய் ஏத்தினன். பந்தலிலை பாகலும் புடோலும், பந்தலுக்குக் கீழை வெயில் படாத இடத்திலை வல்லாரை. மதிலோரம் உரப்பையிலை மிளகாய். கத்தரிக் கண்டுக்கு இடையிலை முளைக்கீரை. கத்தரி விரியிறதுக்குள்ளை கீரையைப் பிடுங்கிப்போடுவன். காலமை பிடுங்கின இடத்திலை பின்னேரம் விதை விழும். ஒரு சாண் நிலம் சும்மா கிடந்தா எனக்குச் சோறு இறங்காது.

விடிய, பிடுங்கினதை விக்க, ஒழுங்கை முகப்பிலை சாக்கை விரிச்சு இருப்பன். முதல் வாறது ரீச்சர். பென்சன் எடுத்தவ, ரெண்டு வீடு தள்ளி இருக்கிறா. "சந்தைக் கீரை வைக்கோல் மாதிரிப் பிள்ளை, உன்ரை கீரை வாயிலை கரையுது" எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிஞ்சதும் அவதான். பொய் சொல்லக்கூடாது, எனக்கு வாடிக்கை பிடிச்சுத் தந்தது அந்த மனுசிதான்.

நல்லூர்க் கோயிலிலை திருவிழாக் கொடி ஏறினா இருபத்தஞ்சு நாளும் இந்தப் பக்கம் ஒரு வீட்டிலையும் மச்சம் காய்ச்சமாட்டினம். மீன், இறைச்சி, முட்டை எண்ட பேச்சே இல்லை. மரக்கறிக்கு அடிபிடி. வருசத்திலை நான் நிமிர்ந்து நிக்கிறது அந்த இருபத்தஞ்சு நாளிலைதான். அதுக்கெண்டு நாள் கணக்குப் பாத்து, ஒவ்வொரு நாளும் ஒரு பாத்தி வெட்டுக்கு வாறமாதிரி விதைச்சு வைப்பன். அண்ணையின்ரை வாளியை ஒரு மாதத்துக்கு முன்னமே நிப்பாட்டியிடுவன். நானும் விரதம்தானே. முருகன் எங்களுக்கும் முருகன்தான்.

இந்த முறை திருவிழாவுக்கு அக்கா வந்தா. வந்து ரெண்டாம் நாள் ரீச்சரையும் அயலிலை நாலைஞ்சு பேரையும் கூட்டிக்கொண்டு தோட்டம் பாக்க வந்தா. "பாருங்கோ, என்ரை வளவுக்குள்ளை!" எண்டு பெருமையிலை ஒரே புளுகம். எனக்கும் தலை கால் தெரியேல்லை. "இதுக்கு என்னடி பசளை போடுறனி?" எண்டு கேட்டா. மாட்டெரு எண்டு சொல்லியிருந்தா ஆர் வந்து கிண்டிப் பாக்கப் போகினம்? என்ரை கோதாரி விழுந்த வாய்!

"மீன் கழிவு, அக்கா. எங்கடை அண்ணை மயிலிட்டியிலை இருந்து கொண்டந்து தாறவர்."

ரீச்சர் கையிலை வைச்சிருந்த கீரைப் பிடியை மெல்லப் பாத்தி விளிம்பிலை வைச்சா. பேந்து என்னைப் பாத்து, "நீ மயிலிட்டியிலை எவடம் பிள்ளை?" எண்டு கேட்டா. இவ்வளவு வருசமா என்ரை கையாலை கீரை வாங்கினவ. இஞ்சை எவடம் எண்டு கேக்கிறவை இடத்தை மட்டும் அறியக் கேக்கிறேல்லை. அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

"துறையடி, ரீச்சர்" எண்டன்.

அடுத்த நாள் விடிய சாக்கை விரிச்சது விரிச்சபடி. ஒரு பிடி போகேல்லை. ரீச்சர் சந்தையாலை பையோடை வந்தா, பைக்கு வெளியிலை கீரை எட்டிப் பாத்துது. முந்தநாள் மருந்து அடிச்ச கீரையா இருக்கும், அதைத் திண்டு விரதம் பிடிக்கலாம். மாட்டின்ரை சாணம் போட்டா சுத்தம், மீனின்ரை செதிள் போட்டா மச்சம். என்ன நியாயமோ! பாத்தி பாத்தியாக் கீரை முத்திப் பூத்துது. வெட்டி வெட்டித் திரும்பக் கிடங்குக்குள்ளையே போட்டன். அந்த நாளுகளிலை கோயிலுக்குப் போகவும் மனம் வரேல்லை.

அக்கா ஏசேல்லை. ஏசியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பன். பக்கத்திலை இருந்து, தோளிலை கை போட்டுக் கதைச்சா. "எனக்கெண்டா ஒண்டும் இல்லையடி, நான் அங்கை எல்லாம் தின்னுறன். சனம் கதைக்குது. உந்த மண்ணை அள்ளிப்போட்டு இன்ரலொக் கல்லுப் பதிப்பம், துப்பரவா இருக்கும். நீ அறையிலை இரு, உன்னை ஆரும் போகச் சொல்லேல்லை." அறையிலை இருக்கலாம். இருந்து எதைத் தின்னுறது? கேட்டன். "உனக்கு என்னவும் பாத்துச் செய்வம்" எண்டு எழும்பிப் போட்டா.

திருவிழா முடிய முந்தியே மண்ணை நான்தான் அள்ளினன். கூலிக்கு ஆள் பிடிக்கிறன் எண்டு அக்கா சொன்னா, நான் விடேல்லை. மூண்டு நாள் வெட்டி ஒழுங்கைப் பக்க வேலியோரம் குவிச்சன். அடுத்த நாள் உழவு மெசின் பெட்டியோடை வந்து ஏத்திக்கொண்டு போகும், எங்கையாவது பள்ளம் நிரப்ப. அண்ணையின்ரை வளவு வள்ளம் நிப்பாட்டவே காணாது, எங்கை கொண்டுபோறது? குவியலுக்குப் பக்கத்திலை குந்தியிருந்து அழுதன். வெக்கம் என்ன, அழுதன்தான்.

அப்பத்தான் ரீச்சர் வந்தா. வேலிக்கு அங்காலை நிண்டபடி, மெதுவா, "பிள்ளை, உந்த மண் சும்மா போகப் போகுதாமே. என்ரை நந்தியாவட்டை பூக்குதில்லை. கொஞ்சம் போட்டா நல்லது. சாமிக்கு வைக்கிற பூ" எண்டா.

"ரீச்சர், இது மச்ச மண் எல்லோ."

"பூவை ஆர் சாப்பிடப் போகினம்?"

குடுக்கக்கூடாது எண்டுதான் நினைச்சன். ஆனா பள்ளத்துக்குள்ளை போய்க் கிடந்து சாகிறதை விட, ஏதோ ஒரு வேர் அதைக் குடிக்கட்டும் எண்டு மனம் கேட்டுது. மண்ணிலை எனக்கு என்ன கோவம்? பனையோலைக் கடகத்தை நிரப்பித் தலையிலை தூக்கிக்கொண்டு அவவின்ரை வீட்டு முன் கேற்றைத் தள்ளினன்.

"அதாலை வேண்டாம் பிள்ளை, வீட்டிலை எல்லாரும் விரதம். சுத்திப் பின்னாலை வா."

சுத்திப் போனன். ஆறு கடகம் பிடிச்சுது.