பீடத்தடி மண்

எண்பத்தாறாம் ஆண்டின் குளிர்காலத்தில் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலரை. சுவிட்சர்லாந்தின் டீட்டிகோன் நகரிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் மேலேறினால் வரும் கிராமத்தில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அப்பா டீட்டிகோனில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். நாங்கள் தூங்கிய பின்தான் வருவார். அகதி வழக்குக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஊர் முழுக்கப் புரட்டஸ்தாந்து. கத்தோலிக்கர்களுக்கு இருந்த ஒரே கோயில் செக் நாட்டுக்காரர் உண்டாக்கியது. அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்தபோது தப்பி வந்த பத்தொன்பது குடும்பங்கள், எங்கள் கிராமத்தில் அப்போதிருந்த நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்து, எவருக்கும் வேண்டாத, முன்பு பாற்கட்டி செய்த அறை ஒன்றை வெள்ளையடித்துப் பீடம் வைத்தார்கள். மழை நாளில் சுவர் அப்போதும் பாற்கட்டி மணந்தது. நெசவாலையை மூடியதும் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். முதலில் வந்தவர்களில் பதினொரு பேர்தான் மிச்சம். குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருவார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் கோயில் சாவியை வைத்திருந்த கிழவர். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். பீடத்தின் அடியில் ஒரு பாண் ரொட்டி அளவில் மரப்பெட்டி ஒன்று இருந்தது. அவர்களில் ஒரு பெண் தன் தாயின் கல்லறையிலிருந்து அள்ளி, எல்லை கடந்து கொண்டுவந்த மண் அதற்குள். அவர்களில் ஒருவர் இறந்தால் சவப்பெட்டிமீது அதில் ஒரு கரண்டி போடுவார்கள். "இன்னும் பதினொரு கரண்டி வேண்டும். போதும்," என்றார் கிழவர்.

தம்பிக்கு இரத்தத்தில் நோய். நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, தலைமுடி கொட்டிய பின், இரண்டு கிழமை வீட்டில் வைத்திருக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வைத்தியர் சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. கிழவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

அம்மா மன்னார்ப் பக்கம். அங்கே மடு மாதா கோயில் மண்ணைப் பொட்டலமாக வீட்டில் வைத்திருப்பார்கள். பாம்பு கடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அம்மா ஊருக்கு எழுதிக் கேட்டு நாலு மாதமாகியும் பொட்டலம் வரவில்லை. பீடத்தடிப் பெட்டி மண்ணைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

"அது செத்தவைக்குப் போடுற மண், அம்மா," என்றேன்.

"செத்தவைக்கே போடுறாங்களெண்டால், உயிரோட கிடக்கிறவனுக்கு எவ்வளவு செய்யும்? பீடத்தடியில வைச்சது எந்த ஊர் மண்ணெண்டாலும் மாதாவின்ர மண்தான்."

"அந்த ஐயாவிட்டக் கேட்டு எடுப்பமே?"

"அவர் மாட்டன் எண்டிட்டால்?"

கிழவரிடம் சாவி வாங்கிக் கோயிலைக் கூட்டிப் பெருக்க நாங்கள் போகும் நாட்களில் அம்மா அந்த மண்ணை லேஞ்சித் துண்டில் அள்ளி முடிந்துகொள்வார். நான் கதவடியில் நிற்பேன். "ஒருத்தரிட்டயும் வாய் திறக்காதை. களவெண்டு தெரிஞ்சால் எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்பார்.

தம்பி முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான். "இது பழுதாப்போன சொக்கிலேற். அக்காவும் குடிக்கட்டும்." நானும் ஒரு மிடறு குடித்தேன். அதன் பிறகு அவன் மறுக்கவில்லை. எட்டாம் நாள் அவன் கன்னம் சிவந்திருந்தது. அம்மா அதைச் சுகம் என்றார். அது காய்ச்சல்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் என் உயரத்துக்குக் குந்தியிருந்து, மிக மெதுவாகக் கேட்டார்: தம்பி புதிதாக ஏதாவது தின்றானா, குடித்தானா? பூச்சட்டி மண், பூஞ்சணம் பிடித்த பண்டம், அப்படி ஏதாவது? யோசித்துச் சொல்.

மண் என்ற சொல்லோடு எனக்குக் காது சுட்டது. கிழவர் முறையிட்டுவிட்டார் என்று நினைத்தேன். இல்லை என்றேன்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"தம்பி வடிவாச் சாப்பிட்டவனோ எண்டு கேக்கிறா."

"ஓமெண்டு சொல்லு."

அதையும் சொன்னேன். வைத்தியர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். ஆறாம் நாள் தம்பி இறந்தான்.

அடக்கத்துக்குக் கிழவர் அந்த மண் பெட்டியோடு வந்தார். எங்களையும் தங்கள் ஆட்களாக அவர் எண்ணியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூடியைத் திறந்து கரண்டியைவிட்டார். அது மரத்தில் உரசிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் உள்ளே வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் பெட்டியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். தம்பியின் வெள்ளைச் சவப்பெட்டியின்மேல் கொஞ்சம் தூசு விழுந்தது. அடுத்த இலையுதிர்காலத்தில் அவரைப் புதைத்தபோது போட ஒன்றும் இருக்கவில்லை.

தம்பியின் அடக்கத்தன்று எனக்கு அழுகையோடு ஓர் ஆறுதலும் இருந்தது. பிடிபட்டும் எங்களை யாரும் பொலிசில் கொடுக்கவில்லை. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

தாதியர் படிப்பின் இரண்டாம் வருடத்தில் ஒரு பக்கத்தை வாசித்தேன். இந்த நோயாளிகளின் அறைக்குள் பூச்சட்டிகூட ஆகாது; மண்ணிலுள்ள பூஞ்சணம் நுரையீரலைப் பிடிக்கும்; நேரத்துக்குத் தெரிந்தால் அதற்கு வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். அந்த வைத்தியர் களவைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. மண்தான் காரணமா என்பது எனக்குத் தெரியாது. அதை அறிய அவருக்கு என் வாயைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஒவ்வோர் ஆண்டும் தம்பியின் நினைவுப் பூசை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்றையே சொல்வார்.

"அந்த மண் இல்லாட்டில் அவன் அவ்வளவு நாளும் இருந்திருக்கமாட்டான்."

"ஓம், அம்மா."